அச்சடித்த முதல் வரி

காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். தையற்காரி ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரை விளிம்புவரை பிடித்து ஏற்றுவாள். தீயைக் கூட்டி வைப்பாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். பால் பொங்கிவிடும் என்று அடுப்படியில் நிற்பவர்கள் உண்டு. அவள் தண்ணீருக்குக் காவல் நின்றாள்.

அலமாரிக் கதவில் ஒரு அறிவிப்பை ஒட்டியிருந்தாள். குடிநீர் அலுவலகத்திலிருந்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனது. மேலே சிவப்பு மையில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வரி: ‘குடிநீரை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கவும்.’ அதன் கீழே சின்ன எழுத்தில் ஆறு வரிகள். அந்த ஆறு வரிகளையும் அவள் மூன்று முறை படித்தாள். ‘நைட்ரேட் செறிவு’ என்று இருந்தது. ‘குறிப்பிட்ட வயதுப் பிரிவினர்’ என்று இருந்தது. ‘பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை’ என்று முடிந்திருந்தது. அவளுக்கு முழுதாகப் புரிந்தது சிவப்பு வரி ஒன்றுதான். புரிந்ததை உயிரைக் கொடுத்துச் செய்தாள்.

‘நன்றாக’ என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அவளாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். முழுப் பாத்திரம் பாதியாகும்வரை. ஐந்து நாளில் பாத்திரத்தின் உட்புறம் பாதி உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு படிந்துவிட்டது.

லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"தண்ணியவே சூப் வைக்கிறவ ஒலகத்துல நீ ஒருத்திதான். உப்பும் மிளகும் போட்டுக் குடு, குடிச்சிட்டு வேலைக்குப் போறேன்."

"இது உங்களுக்கு இல்ல. சிட்டுக்கு. உங்களுக்கு வேணும்னா குழாயில வாய வெச்சுக் குடிங்க. உங்க வயிறு கல்லையும் கரைக்கும்."

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "கிண்டல் பண்ணாதடா. புள்ள வயித்துக்குப் போறது. காய்ச்சட்டும்."

சிட்டு என்பது ஏழு வாரக் குழந்தை. பெரிய பெயர் ஒன்று பதிவேட்டில் இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பிரசவத்துக்குப் பின் தையற்காரிக்கு வந்த காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. அதனால் மாவுப்பால். ஒரு நாளைக்கு ஏழு புட்டி. ஏழு புட்டிக்கும் அந்தப் பாத்திரத்துத் தண்ணீர்தான்.

*

அந்த அறிவிப்பு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்புகள் எழுதுவதற்கென்றே ஒரு எழுத்தர் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. அலுவலகத்தில் அவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் பிழை திருத்திய பிறகுதான் வாழ்த்துச் சொல்வார். கெட்டவர் இல்லை. சுத்தமான வாக்கியத்தின் மேல் அவருக்கு இருந்த ஆசை, அதைப் படிக்கப் போகிறவர்கள் மேல் இல்லை. அவ்வளவுதான்.

அவர் மேசைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து வெளியிட்ட அறிவிப்புகள் எல்லாம் கட்டுக்கட்டாக இருந்தன. வேலை இல்லாத மத்தியானங்களில் அவற்றைப் புரட்டுவார். மிகப் பழைய தாள்கள் வெறும் கட்டளைகள். ‘இக்கிணற்றில் நீர் எடுப்போர் தண்டிக்கப்படுவர்.’ ஏன் என்று இருக்காது. ஏன் என்று தெரியாததால் ஜனங்கள் ஒளிந்து எடுத்தார்கள். கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அடுத்த கட்டில் படங்கள் வந்தன. கிருமிக்குக் கொம்பும் வாலும் வைத்து வரைந்திருந்தார்கள். குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் நம்பவில்லை. அதற்கடுத்து எண்களின் காலம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று புள்ளிவைத்து எழுதினார்கள். யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் எதுவும் விளங்கவும் இல்லை. கடைசியாக வந்த கட்டு முழுக்க ஒரே முடிவுதான்: ‘பீதியடையத் தேவையில்லை.’

இவற்றுக்கு நடுவே பொருந்தாமல் ஒரு தாள் இருந்தது. யாரோ ஒரு சுகாதார ஆய்வாளர் கையால் எழுதியது. ‘இந்தக் கிணற்றில் குடித்த மூன்று பேர் நேற்று இறந்துபோனார்கள் ஏன் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை தெரியும்வரை குடிக்காதீர்கள் பின்தெருக் கிணறு நல்லது அங்கே எடுங்கள்.’

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்தத் தாளைக் காட்டிச் சிரிப்பது காற்புள்ளியின் வழக்கம்.

"ஒரு ஆபீஸ் ‘எங்களுக்குத் தெரியவில்லை’ன்னு எழுதலாமா? அதுவும் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாம!"

அறிவிப்புத் தாள்கள் முன்கூட்டியே அச்சடித்து வைக்கப்பட்டிருந்தன. பதினெட்டு வருடங்களுக்கு முன் வாந்திபேதி பரவியபோது, காய்ச்சிக் குடியுங்கள் என்ற ஒரு வரி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து அந்த வரி தாளின் தலையில் சிவப்பில் ஏறிவிட்டது. என்ன செய்தியானாலும் அதன் கீழேதான். குழாய் உடைந்தாலும், தொட்டி கழுவினாலும், மேலே காய்ச்சிக் குடிக்கவும்.

ஒரு பிற்பகல், ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் பெண் ஒரு அறிக்கையோடு வந்து நின்றாள். இருபத்தாறு வயது. தனக்குத்தானே பேசுவதுபோல் பேசுவாள்.

"சார், இதை இன்னிக்கே வெளியில விடணும். ஏழாவது வார்டுல மூணு போர்வெல்லயும் நைட்ரேட் நூத்திப் பன்னெண்டு."

"வரம்பு எவ்வளவும்மா?"

"அம்பது. பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் ஆகாது சார். ஆறு மாசம் ஆகாத குழந்தைங்களுக்குத்தான். அதுவும் புட்டிப்பால் குடிக்கிற குழந்தைங்க. அவங்க ரத்தம் பிராணவாயுவச் சுமக்க முடியாமப் போயிடும். உடம்பு நீலமாயிடும்."

"அப்படியா," என்று எழுதிக்கொண்டார். ‘பச்சிளம் குழந்தைகளுக்கு,’ என்று காற்புள்ளி வைத்தார்.

அவள் போகவில்லை. விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"சார், அந்தச் சிவப்பு வரி…"

"அதுக்கென்ன?"

"காய்ச்சினா இது போகாது சார். இது கிருமி இல்ல, உப்பு மாதிரி. தண்ணிதான் ஆவியாப் போகும். சுண்டச் சுண்ட இது கூடும். ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன். அந்த வரிய அடிச்சிட்டா…"

"ரெண்டாயிரம் தாள்லயும் அடிச்சுக்கிட்டு ஒக்கார முடியுமா? அடிச்சு ஒட்டினா பாக்கவே அசிங்கமா இருக்கும். காய்ச்சினா மத்த கிருமியாவது சாகும். கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்மா."

"சரி சார். பரவால்ல சார்," என்றாள் அவள்.

யார் எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வரும் சொல் அது. அன்றும் வந்தது.

வரைவு பொறியாளரிடம் போனது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பேனாவை எடுத்து ‘பச்சிளம் குழந்தைகள்’ என்பதைச் சுழித்தார்.

"குழந்தை, நீலம், மூச்சு... இதையெல்லாம் போட்டா நாளைக்குத் தண்ணி லாரி முன்னாடி என்ன நடக்கும் தெரியுமாய்யா உமக்கு? எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன்."

பார்த்திருந்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தண்ணீரில் விஷம் என்று ஒரு வதந்தி. லாரியை நோக்கி ஓடிய கூட்டத்தில் இரண்டு பெண்கள் மிதிபட்டு இறந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் செருப்பை இவர்தான் சக்கரத்தடியிலிருந்து எடுத்தார்.

"உண்மைய மறைன்னு சொல்லல. பதமாச் சொல்லும். அதுக்குத்தானே உம்மை வெச்சிருக்கோம்."

காற்புள்ளி பதமாகச் சொன்னார். பச்சிளம் குழந்தைகள், குறிப்பிட்ட வயதுப் பிரிவினர் ஆனார்கள். கொடுக்கக் கூடாது என்பது, உரிய முன்னெச்சரிக்கையுடன் பயன்படுத்துமாறு என்று ஆனது. எழுதி முடித்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். ஒரு பிழைகூட இல்லை.

*

அறிவிப்பு வந்த ஒன்பதாம் நாள் காலை, புட்டியைக் குடித்து முடித்த சிட்டுவின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"குளிருக்கு இருக்கும்," என்றாள் மாமியார். துணியால் சுற்றினார்கள். பத்து மணிக்கு நகக்கண்களும் அப்படி ஆயின. தெருமுனை மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். தையற்காரி குழந்தையோடு புட்டியையும் வெந்நீர்க் குப்பியையும் பையில் எடுத்துக்கொண்டாள். அங்கே பசித்தால் என்ன செய்வது?

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குள் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை. காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. இளம் மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பினார்.

"பால் எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"காய்ச்சின தண்ணி டாக்டர். நல்லாக் காய்ச்சினது."

மருந்து வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தபோது ஒரு மணி முப்பத்தைந்து. சிட்டு ஒன்று இருபதுக்கே போய்விட்டிருந்தது.

மருத்துவர் தாழ்வாரத்தில் கணவனிடம் ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணியாலதான்." மேலே சொல்வதற்குள் அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவர் ஓடினார்.

தண்ணியாலதான். அந்த ஒரு சொல்லை வைத்து வீடு தன் தீர்ப்பை எழுதிக்கொண்டது.

"ஊரே அந்தத் தண்ணியத்தானே குடிக்குது?" என்றாள் மாமியார், துக்கம் கேட்க வந்தவர்களிடம். "மூணாவது மாடிக்காரி புள்ள கல்லு மாதிரி இருக்கு. கூட ரெண்டு நிமிஷம் அடுப்பு முன்னாடி நின்னிருந்தா என்ன? தைக்கிற துணிதான் பெருசாப் போச்சு." அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். குற்றம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் அவளால் அந்தத் துக்கத்தைத் தூக்க முடியவில்லை.

கணவன் மனைவியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம்.

தையற்காரி இரவும் பகலும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த நாள்? எந்தப் புட்டி? ஒரு வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டினாளே, அன்று தண்ணீர் பாதியாவதற்குள் இறக்கிவிட்டேனா?

*

குழந்தை போன பதினோராம் நாள் அவள் குடிநீர் அலுவலகத்துக்கு வந்தாள். சண்டைக்கு வந்தவர்களைச் சமாளித்துப் பழகிய காற்புள்ளி, இவளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து பசைக்கறை படிந்த அறிவிப்பை எடுத்து மேசையில் விரித்தாள். பக்கத்தில் பாத்திரத்தை வைத்தாள்.

"சார், இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமாம்மா."

"இதுல எத்தனை நிமிஷம்னு இல்ல சார். நான் இவ்வளவு வெச்சு, இந்தக் கோடு வரைக்கும் சுண்ட விடுவேன். இருபது நிமிஷம் ஆகும். சில நாள் கொஞ்சம் கொறஞ்சிருக்கலாம். அது போதாதா சார்?"

அவர் கோட்டைப் பார்த்தார். "எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எம் புள்ள செத்துப்போச்சு சார். ஏழு வாரம். நீலமாயிடுச்சு. தண்ணியாலன்னு டாக்டர் சொன்னாரு. நான் சரியாக் காய்ச்சல."

காற்புள்ளியின் கை அறிவிப்பின் மேல் அப்படியே நின்றது. சிவப்பு வரியின் மேல்.

"இனிமே தெரிஞ்சு எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல சார்," என்றாள் அவள், அவரைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல. "மூணாவது மாடியில ஒரு குழந்தை இருக்கு. தாய்ப்பால்தான் குடிக்குது. அந்தக்கா திங்கக்கிழமை வேலைக்குப் போறாங்க. பவுடர் பால் ஆரம்பிக்கணும். அவங்களுக்காவது சரியாச் சொல்லணும்ல? எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க."

அவர் தொலைபேசியை எடுத்தார். பொறியாளரிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். "எதையும் ஒத்துக்காதீர். அனுதாபம் சொல்லி அனுப்பும். அறிவிப்புல இருக்கிறதையே திரும்பச் சொல்லும்," என்றது மறுமுனை.

காற்புள்ளி தொலைபேசியை வைத்தார்.

"நல்லாக் காய்ச்சணும்மா. ஒரு... முப்பது நிமிஷம்னு வெச்சுக்குங்க."

"முப்பதா."

அவள் மேசையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். உள்ளங்கையில் 30 என்று எழுதிக்கொண்டாள். அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"அப்போ நான்தான்," என்றாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள். பாத்திரத்தையும் அறிவிப்பையும் மறந்துவிட்டாள்.

*

பாத்திரம் மேசையில் இருந்தது. காற்புள்ளி ஒரு கோப்பைத் திறந்து ஒரே வரியை நான்கு முறை படித்தார். பிறகு எழுந்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஆய்வகத்துக்குப் போனார்.

சோதனைக்காரப் பெண் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"யாரோடது சார்?"

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். முப்பது நிமிடம் என்றதையும்.

அவள் ஈரக் கையோடு பாத்திரத்தை வாங்கி, உள்ளே விரலை வைத்துக் கோட்டைத் தொட்டாள். "இது சுண்ணாம்பு சார். கண்ணுக்குத் தெரியுது. அது தெரியாது. அதுவும் இதே மாதிரிதான், தண்ணி போயிடும், அது நின்னுடும். பாதியாச் சுண்டினா நூத்திப் பன்னெண்டு எரநூத்தி இருபத்தி நாலு. ஒரு நாளைக்கு ஏழு புட்டி." நிறுத்தினாள். "முப்பது நிமிஷம்னு அந்தம்மாவ அனுப்பிட்டீங்களா?"

"என்ன பண்றது? மேலிடத்துல..."

"சார்!"

அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லா வீட்லயும் இப்பவும் காய்ச்சிக்கிட்டுதான் சார் இருக்காங்க. நம்ம பேச்சை நம்பினவங்கதான் சாகறாங்க. நம்பாதவங்க தப்பிச்சிட்டாங்க." அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு இதே குரல்ல நான் கத்தியிருக்கணும். பரவால்ல சார்னு சொல்லிட்டுப் போயிட்டேன். பரவால்லன்னு சொல்ல அது யார் புள்ள?"

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று தான் சொன்னது காற்புள்ளிக்கு நினைவு வந்தது. அந்தத் தாய் ஒரு நாளைக்கு எத்தனை முறை அடுப்பின் முன் நின்றிருப்பாள்? ஒவ்வொரு முறையும் இவர் சொன்னதைத்தானே செய்தாள்?

"வா, போவோம்," என்றார். தையற்காரி மேசையில் விட்டுப் போன அறிவிப்பின் ஓரத்தில் வீட்டு எண் இருந்தது.

*

நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவள் மாமியார். கணவன் அன்று வேலைக்குப் போகவில்லை. கூடத்துத் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தையல் இயந்திரத்தின் மேல் ஒரு போர்வை மூடியிருந்தது. அதன் பக்கத்து முக்காலியில் தையற்காரி உட்கார்ந்திருந்தாள். மூலையில் தொட்டில் இல்லை. அது நின்ற இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"பாத்திரத்தை விட்டுட்டு வந்துட்டீங்கம்மா," என்றார் காற்புள்ளி. அது போதாது என்று தெரிந்தது. "மூணாவது மாடிக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார். அந்தக்கா கடைக்குப் போயிருக்காங்க."

அவருக்கு மூச்சு வந்தது. நின்றபடியே பேசினார். வாழ்க்கையில் முதல்முறையாக வாக்கியத்தைக் கட்டாமல் பேசினார்.

"நான் பொய் சொன்னேம்மா. முப்பது நிமிஷம்னு சொன்னது பொய். காய்ச்சக் கூடாது. அந்தத் தண்ணிய குழந்தைக்குக் குடுக்கவே கூடாது. காய்ச்சக் காய்ச்ச அதுல இருக்கிற விஷம் கூடும். எங்களுக்குத் தெரியும். இந்தப் பொண்ணு சொல்லுச்சு. சிவப்பு வரிய அடிக்கச் சொல்லுச்சு. அசிங்கமா இருக்கும்னு நான் அடிக்கல. குழந்தைன்னு எழுதினதை மாத்தி எழுதினேன். உங்க கையில தப்பு இல்ல. நீங்க ஒரு நாளும் கொறச்சுக் காய்ச்சல. என் தப்பு."

எங்கோ மேல்மாடியில் குழாய் சீறியது.

"எத்தனை நாளு..." என்று கணவன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து காற்புள்ளி கண்ணை மூடிக்கொண்டார். அவன் அவரைத் தாண்டிப் போனான். மனைவியின் முன் போய் நின்றான். பதினோரு நாளாகப் பேசாத வாய் எதையோ சொல்ல முயன்றது. அவள் உள்ளங்கையைப் பிடித்து அந்த 30-ஐக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தான். அது போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தான்.

மாமியார் கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். "நான் என்னென்ன பேசிட்டேன்," என்றாள். "அம்மாடி, நான் என்னென்ன பேசிட்டேன்."

தையற்காரி அழவில்லை. பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா," என்றாள் மெதுவாக, "நான் சோம்பேறியா இருந்து, அப்படியே குழாய்த் தண்ணியக் குடுத்திருந்தா..."

சோதனைக்காரப் பெண்ணிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தை அந்தத் தாய் படித்துவிட்டாள்.

*

கீழே, படிக்கட்டுச் சுவரிலும் அதே அறிவிப்பு ஒட்டியிருந்தது. காற்புள்ளி அதன் முன் நின்று பேனாவால் சிவப்பு வரியை அடித்தார். மை போதவில்லை. திரும்பத் திரும்பக் கோடு போட்டார். தாள் கிழிந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ‘ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள் காய்ச்சியும் கொடுக்காதீர்கள் காய்ச்சினால் விஷம் கூடும் உதடோ நகமோ நீலமானால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் எப்போது சரியாகும் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை அதுவரை குழந்தைகளுக்கு நாங்கள் வேறு தண்ணீர் தருவோம் முன்பு காய்ச்சச் சொன்னது எங்கள் தவறு.’

ஒரு புள்ளிகூட வைக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இரும்பு அலமாரியில் கிடந்த அந்தப் பழைய தாளைப் பார்த்து எத்தனை வருடம் சிரித்தோம் என்று மட்டும் தோன்றியது.

தையற்காரி படியிறங்கி வந்து பின்னால் நின்றாள். அவர் பொறியாளரைக் கைபேசியில் அழைத்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டினார். பொறியாளரின் குரல் வெளியே கேட்டது.

"உமக்குப் பைத்தியமா? வேலை போயிடும்! ஜனங்க மிரண்டுடுவாங்கய்யா! இதைப் படிச்சா எந்தத் தாய் பயப்படாம இருப்பா?"

தையற்காரி கையை நீட்டினாள். காற்புள்ளி தயங்கி, கைபேசியைக் கொடுத்தார்.

"நான்தான் சார் அந்தத் தாய்," என்றாள் அவள். "எனக்குப் பயம் வந்துடக் கூடாதுன்னு நீங்க பாத்துக்கிட்டீங்க. நான் பயப்படல. தைரியமா ஏழு ஏழு புட்டி குடுத்தேன். பயந்திருந்தா எம் புள்ள இருந்திருக்கும் சார். எங்களுக்குப் படிப்பு கம்மியா இருக்கலாம், புள்ள மேல ஆசை கம்மி இல்ல. உண்மையச் சொல்லுங்க. எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. பயத்தை நாங்க பாத்துக்கறோம்."

மறுமுனையில் வந்த குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "லாரி அனுப்பறேம்மா. இப்பவே. வரிசையில நிக்க வைக்க... நானே வரேன்."

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். சுவரில் ஒட்டுவதற்காக அவர் பிடித்திருந்த தாளை வாங்கி, தையலில் பிழை பார்ப்பதுபோல் கண்ணருகே வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதை ஏன் சார் கீழ போட்டீங்க?"

"எதும்மா?"

"காய்ச்சச் சொன்னது எங்கள் தவறுன்னு இருக்கே, இது. இதை மேல போடுங்க. பெருசா, சிவப்புல போடுங்க." அவள் தாளை அவரிடம் நீட்டினாள். "மொத வரியத்தான் சார் எங்களை மாதிரி ஆளுங்க நம்புவோம்."

காலிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூன்றாவது மாடிக்காரி கடையிலிருந்து வந்துவிட்டாளா என்று பார்க்க அவள் படியேறினாள்.